வளவில் எடுத்த அப்பத்தாவின் படம்: நிழலை எங்கே வைப்பது?

பதிவு 1: வளவுக்காரன்

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் பூர்விக வீட்டில், 84 வயதாகும் என் அப்பத்தாவை, வளவு எனப்படும் நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில் உட்கார வைத்துச் சென்ற வாரம் சில படங்கள் எடுத்தேன். அந்தத் தாழ்வாரத்தில் எனக்குப் பிடித்ததே அதன் அரை இருட்டுதான். நடுவில் வானம் திறந்திருக்க, வெளிச்சம் தூண்களைத் தாண்டி உள்ளே வர வர மங்கி, இரண்டாங்கட்டுக் கதவருகே ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். சிறுவயதில் அந்தக் கதவைத் தாண்டப் பயந்தவன் நான்.

இணைத்திருக்கும் படத்தில் அந்த ஆழம் துளியும் இல்லை. முகம் முழுவதும் ஒரே அளவு வெளிச்சம். பின்சுவர் சாம்பல் நிறம். மொத்தத்தில் ரேஷன் அட்டைக்கு எடுத்ததுபோல் வந்திருக்கிறது. காலை 11 மணி, 35 மி.மீ. லென்ஸ், எஃப் 4, ஷட்டர் 1/125, ஐ.எஸ்.ஓ 400. வீட்டுக்கு வந்து ரா கோப்பில் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டியும் நிழலைக் குறைத்தும் பார்த்தேன். முகம் அழுக்காகத் தெரிந்ததே தவிர, அந்த இடத்தின் மனநிலை வரவில்லை. தவறு எடுக்கும்போதே நடந்துவிட்டது என்று தோன்றுகிறது. எங்கே என்றுதான் புரியவில்லை.

பதிவு 2: மூன்றாம் மண்டலம்

உங்கள் சிக்கலின் ஒரு பாதி மீட்டரில் இருக்கிறது. கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு எதிரே இருப்பது தாழ்வாரமா தாமரைக்குளமா என்று தெரியாது. காட்சி மொத்தமும் சராசரியாக 18 விழுக்காட்டுச் சாம்பலுக்கு அருகே வரவேண்டும் என்பதை நோக்கியே அது கணக்குப் போடுகிறது. இருட்டு அதிகமுள்ள காட்சியைக் கொடுத்தால் "இது போதாது" என்று முடிவுகட்டி எல்லாவற்றையும் தூக்கிவிடும். பின்சுவர் சாம்பலானதற்குக் காரணம் அதுவே. மீட்டரின் கணக்கைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 1 அல்லது மைனஸ் 1.3 வரை இறக்கி எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று. ஒளிப்படக் கலைஞர்கள் அன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டி வகுத்த, கறுப்பிலிருந்து வெள்ளை வரை சாயல்களுக்கு வரிசையாக எண் கொடுக்கும் மண்டல முறையில், விவரம் தெரியவேண்டிய நிழலை மூன்றாம் மண்டலத்திலும், வெயிலோ விளக்கோ படும் வெள்ளையர் தோலை ஆறாம் மண்டலத்திலும் வைப்பார்கள். ஆங்கிலப் பாடங்களைப் படித்து வளர்ந்த நம்மில் பலர் அந்த ஆறாம் மண்டலத்தை அப்படியே நம் பாட்டிமார் முகத்துக்கும் கொடுத்துவிடுகிறோம். நம் மாநிறத்துக்கு ஐந்து போதும். கறுத்த முகமாக இருந்தால் நாலரை. முகம் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டால் சுவரின் இருட்டு தானாகவே அதன் இடத்துக்கு வந்துவிடும்.

பதிவு 3: பழைய லைட்மேன்

மேலே நண்பர் சொன்னது சரியே. ஆனால் அதை மட்டும் செய்தால் இதே தட்டையான படம் இன்னும் கொஞ்சம் இருட்டாகக் கிடைக்கும், அவ்வளவுதான். நான் கோடம்பாக்கத்துத் தளங்களில் பல ஆண்டுகள் விளக்கு பிடித்தவன். ஒரு படத்தைப் பார்த்தால் முதலில் கண்மணியைத்தான் பார்ப்பேன்.

உங்கள் படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி அப்பத்தாவின் கண்ணைப் பாருங்கள். வெள்ளையாக ஒரு சதுரம் தெரிகிறது. அது வளவின் வானம். அந்தச் சதுரத்தின் அடியில், நட்டநடுவே, கறுப்பாக ஓர் ஆள் நிற்கிறார். அது நீங்கள். அதாவது நீங்கள் வளவுக்கு முதுகைக் காட்டி நின்றிருக்கிறீர்கள்; வெளிச்சம் உங்கள் தோளைத் தாண்டி நேராக அவர் முகத்தில் போய் விழுந்திருக்கிறது. கேமராவும் வெளிச்சமும் ஒரே திசையிலிருந்து பார்த்தால், நிழல் விழாமல் இல்லை. விழுகிறது, ஆனால் மூக்குக்குப் பின்னாலும் காதுக்குப் பின்னாலும் விழுந்து, கேமராவின் கண்ணுக்குப் படாமல் ஒளிந்துகொள்கிறது. உங்களுக்குக் கிடைக்காமல் போன நிழல் எல்லாம் அவருக்கு முதுகுப்புறம் இருந்தது.

ஆகவே விளக்கைத் தேடாதீர்கள். நீங்கள் நடந்து போங்கள். வளவு உங்களுக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ வருகிற மாதிரி தாழ்வாரத்தின் நீளவாக்கில் நில்லுங்கள். அப்பத்தாவின் முகத்தை வளவின் பக்கம் சற்றே திருப்பச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் முகத்தின் எந்தப் பக்கம் கேமராவுக்கு அருகில் இருக்கிறதோ அந்தப் பக்கம் நிழலில் இருக்கும். வெளிச்சம் அப்பாலுள்ள கன்னத்தில் தொடங்கி மூக்கின் முகட்டைத் தாண்டி இந்தக் கன்னத்தில் கொஞ்சம் சிந்தும். முகத்துக்கு உருண்டை வருவது இப்படித்தான்.

அடுத்தது, அவரை எங்கே உட்கார வைக்கிறீர்கள் என்பது. தாழ்வாரத்தின் விளிம்பில், தூணை ஒட்டி உட்கார வைத்தால் வானம் தலைக்கு மேலேயே திறந்திருக்கும். வெளிச்சம் உச்சியிலிருந்து இறங்கிக் கண்குழியை இருட்டாக்கும். நாலடி உள்ளே தள்ளி உட்கார வைத்தால், நம் பக்கத்து ஓட்டு இறவாணம், அதாவது கூரையின் தாழ்ந்த விளிம்பு, உச்சி வானத்தை மறைத்துவிடும். எதிர்ப்பக்க இறவாணத்துக்கு மேலே தெரியும் வானத்துண்டிலிருந்து மட்டுமே வெளிச்சம் வரும். அது சாய்வாக, கண்ணுக்குள் நுழைகிற கோணத்தில் வரும். அளவு குறையும், ஆனால் திசை கிடைக்கும். மனநிலை வேண்டும் என்கிறவர் முதலில் கேட்கவேண்டியது திசையை.

இடத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி: அப்பத்தாவை அழைப்பதற்கு முன்பே, உங்கள் கையை முட்டியாக மடக்கி முகம் இருக்கவேண்டிய உயரத்தில் நீட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் மெதுவாக நடந்து பாருங்கள். விரல் கணுக்களின் பள்ளத்தில் நிழல் எப்போது ஆழமாகிறது, எப்போது அழிகிறது என்று கண்ணுக்கே தெரியும். வயதானவரை நாலு தடவை எழுப்பி நாற்காலி மாற்றி உட்கார வைக்கும் பாவம் வேண்டாம்.

பதிவு 4: கயல்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தொழில்நுட்பத்தை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் எந்த மனநிலைக்காக இத்தனையும் என்ற கேள்வியை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. ஒளிப்படப் போட்டிகளுக்கு வரும் படங்களைப் பாருங்கள். வயதான பெண் என்றால் பக்கவாட்டில் ஒரு கடுமையான வெளிச்சம், ஒவ்வொரு சுருக்கமும் வாய்க்கால் வரப்பாகத் தெரியவேண்டும், பாதி முகம் கரியில் மூழ்கவேண்டும், தலைப்பு "காத்திருப்பு" அல்லது "தனிமை" என்று இருக்கவேண்டும். அந்தப் பாட்டி அன்றைக்குக் காலையில் பேரனைத் திட்டிவிட்டு வயிறாரப் பணியாரம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கலாம். அவருக்கு இல்லாத துயரத்தை விளக்கு ஏற்றிவிடுகிறது.

இருட்டு என்றால் சோகம், வெளிச்சம் என்றால் மகிழ்ச்சி என்ற சமன்பாடும் எனக்கு உவப்பில்லை. உச்சிவெயிலில் ஆளரவமற்ற தெருவைப் போல வெறுமையைக் காட்டுவது வேறொன்றில்லை. பூசை அறையின் இருட்டு யாரையும் அழவைப்பதுமில்லை. என்னைக் கேட்டால், இருட்டின் அளவைவிட நிழலின் ஓரம் எப்படி இருக்கிறது என்பதே மனநிலையைத் தீர்மானிக்கிறது: கத்தியால் வெட்டியதுபோல் முடிகிறதா, கரையும் கோலம்போல் முடிகிறதா?

சத்யஜித் ராயின் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவை இங்கே நினைவுகூர வேண்டும். 1956இல் வெளியான "அபராஜிதோ"வுக்காகக் காசி வீட்டின் முற்றத்தைக் கல்கத்தாவில் ஒரு ஸ்டுடியோவுக்குள் கட்டினார்கள். அந்த முற்றத்தில் வெயில் நேராக விழாது. வானத்தின் வெளிச்சம் மட்டும் இறங்கும். நேரடி விளக்குகளால் அதைக் கொண்டுவர முடியாது என்று கண்ட மித்ரா, முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, கீழிருந்து விளக்குகளை அதன்மேல் அடித்து, திரும்பி வரும் வெளிச்சத்தில் படமெடுத்தார். நிழல்களுக்குக் கூர்மையான ஓரமே இல்லை. ஆனாலும் அந்த வீட்டுக் காட்சிகளில் உள்ள கனம் பார்த்தவர்களுக்குத் தெரியும். நண்பரின் வளவும் அதே வகை முற்றம்தானே? மேலே கட்டியிருக்கும் துணி வானம், அவ்வளவே வேறுபாடு.

ஆகவே வளவுக்காரரிடம் ஒரு கேள்வி: உங்கள் அப்பத்தா எப்படிப்பட்டவர்?

பதிவு 5: வளவுக்காரன்

கயல் அவர்களே, இந்தக் கேள்வி என்னைக் கொஞ்சம் வெட்கப்பட வைத்துவிட்டது. நானும் "காத்திருப்பு" என்றுதான் மனத்துக்குள் தலைப்பு வைத்திருந்தேன்.

உண்மையில் அப்பத்தா குறும்புக்காரர். பல்லாங்குழியில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரையும் ஏமாற்றியே வெல்வார். புளியங்கொட்டையை எண்ணிப் போடுகிற வேகத்தில் ஒன்றைப் புறங்கையின் கீழே தள்ளிவிடுவது அவருடைய பழைய கலை. பிடிபட்டால் முகத்தை நேராக வைத்துக்கொண்டு கண்ணால் மட்டும் சிரிப்பார். அந்தச் சிரிப்பு ஒரு நொடிக்கு மேல் நிற்காது. வீட்டுச் சாவிக்கொத்து இன்றும் அவர் இடுப்பில்தான் இருக்கிறது. சோகம் என்று சொல்ல எதுவும் இல்லை. இரகசியம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

பதிவு 6: பழைய லைட்மேன்

இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் நான் பாதியைத் தட்டச்சு செய்திருக்கவே வேண்டாம். இரகசியம் என்பது விளக்கு போடுகிறவனுக்குக் கிடைத்தற்கரிய சொல்.

சோகத்துக்கும் இரகசியத்துக்கும் வெளிச்சத்தில் வேறுபாடு எங்கே வருகிறது என்றால், கண்ணில். கண் இரண்டும் இருட்டில் போய்விட்டால் பார்க்கிறவர் அதைத் துயரம் என்றோ மிரட்டல் என்றோ எடுத்துக்கொள்வார். உடலும் சுவரும் இருட்டில் இருந்து, கண்ணில் மட்டும் ஒரு பொட்டு வெளிச்சம் நின்றால், இந்த அம்மாளுக்கு நமக்குத் தெரியாத ஏதோ தெரியும் என்று தோன்றும். ஆகவே நிழல் பக்கத்துக் கண்ணையும் காப்பாற்றுங்கள். நிழல் பக்கக் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே ஒரு சிறு முக்கோணமாக வெளிச்சம் விழுகிற வரைக்கும் அவர் தலையைத் திருப்பச் சொன்னால் போதும். டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் பெயரால் வழங்குவது அதுதான். நாங்கள் தளத்தில் "கன்னத்தில் ஒரு சில்லு" என்போம்.

அளவு பற்றி: ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டர் இருந்தால் இரண்டு கன்னங்களையும் தனித்தனியே அளந்து பாருங்கள். ஒரு ஸ்டாப் வேறுபாடு என்றால் ஒரு பக்கம் மற்றதைவிட இரு மடங்கு வெளிச்சம், அது சாந்தம். மூன்று ஸ்டாப் என்றால் எட்டு மடங்கு, அது நாடகம். உங்கள் அப்பத்தாவுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு. அதற்கு மேல் போனால் கயல் அம்மா கோபித்துக்கொள்வார்.

ஆனால் உங்கள் வீட்டில் அந்த இரண்டு ஸ்டாப் எளிதில் கிடைக்காது. செட்டிநாட்டு வீட்டுச் சுவரின் வெள்ளைப் பூச்சு கண்ணாடி மாதிரி மின்னும். வளவிலிருந்து வரும் வெளிச்சத்தை வாங்கி நிழல் பக்கத்துக்குத் திருப்பி அனுப்பிவிடும். நீங்கள் கேட்காமலே தெர்மாகோல் பிடிக்கிற உதவியாளர் அந்தச் சுவர். அவரை அடக்க, நிழல் பக்கத்தில் படத்துக்கு வெளியே, முகத்திலிருந்து இரண்டடி தள்ளிக் கறுப்புப் போர்வை ஒன்றைக் கொடியில் தொங்கவிடுங்கள். ஐயப்பன் கோவிலுக்கு மாலை போட்டவர் வீட்டில் இருந்தால் இரண்டு கறுப்பு வேட்டி வாங்கிக்கொள்ளலாம். வெளிச்சத்தைக் கூட்ட ஆயிரம் சாமான் விற்கிறார்கள். இருட்டைக் கூட்ட வேட்டி போதும்.

பதினொரு மணியையும் விட்டுவிடுங்கள். அந்நேரம் வெயில் வளவின் தரையிலேயே இறங்கிவிடும். தரையில் பட்ட வெயில் கீழிருந்து மேலே எழும்பித் தாடைக்கு அடியிலும் மூக்குக்கு அடியிலும் வெளிச்சம் போடும். தாழ்வாரத்தில் சிவப்பு ஆத்தங்குடிக் கல் இருந்தால் அந்தச் சிவப்பும் கழுத்தில் ஏறும். வெயில் தரையைத் தொடாத எட்டு மணி உத்தமம்.

பதிவு 7: வடதுருவத்தான்

டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன். எட்டு மணி என்று ஐயா சொன்னதற்கு ஒரு பின்குறிப்பு. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒளிப்பட நூல்கள் பொன்வேளை (சூரியன் அடிவானத்தை ஒட்டித் தாழ்ந்திருக்கும் நேரம்) பற்றிப் பேசும்போது, அவை எங்கள் ஊர் போன்ற இடங்களை மனத்தில் வைத்துப் பேசுகின்றன. இங்கே டிசம்பரில் நண்பகல் சூரியனே 23 பாகை உயரம்தான் ஏறும். நாள் முழுவதும் பக்கவாட்டு வெளிச்சம் இலவசம். காரைக்குடி ஏறத்தாழ 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு கடைசியிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். மாலையிலும் அது ஏறக்குறையச் செங்குத்தாக விழுவதால், ஆறு பாகை உயரத்திலிருந்து அடிவானத்தைத் தொட அங்கே ஏறத்தாழ 25 நிமிடமே ஆகும். இங்கே பருவத்தைப் பொறுத்து 33 முதல் 40 நிமிடம். சொந்த ஊருக்கு வரும்போதெல்லாம் முக்காலியை விரிப்பதற்குள் வெளிச்சம் போய்விட்டது என்று புலம்பியிருக்கிறேன். நம் முன்னோர் இறவாணத்தையும் முற்றத்தையும் கட்டிவைத்தது எவ்வளவு வசதி என்று அப்போதுதான் புரிந்தது: அந்த உச்சி வெயிலையும் பக்கவாட்டு வெளிச்சமாக மாற்றிக் கொடுக்கிற இயந்திரம் அது.

பதிவு 8: திரிவிளக்கு

இரகசியம்தான் வேண்டும் என்றால், மாலையில் காமாட்சி விளக்கு ஒன்றை மட்டும் ஏற்றி எடுத்துப் பார்க்கலாமே? எனக்கு மிகவும் பிடித்த வெளிச்சம் அது.

பதிவு 9: மூன்றாம் மண்டலம்

எடுக்கலாம், அதன் கணக்கு வேறு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வானம் பெரிய மூலம். அப்பத்தா ஓரடி முன்னே சாய்ந்தாலும் பெரிய மாற்றம் இருக்காது. சுடர் ஒரு புள்ளி. முகத்துக்கும் சுடருக்கும் ஓரடி இருந்து, பின்சுவர் சுடரிலிருந்து நான்கடி தள்ளி இருந்தால், சுவரில் விழுவது முகத்தில் விழுவதில் பதினாறில் ஒரு பங்கு. அதனால் முகம் மட்டும் இருட்டில் மிதக்கும். வீடு காணாமல் போய்விடும். வளவுக்காரருக்கு வேண்டியது அந்தத் தாழ்வாரம் என்பதால் நான் பகலுக்கே வாக்களிக்கிறேன்.

விளக்கில் எடுப்பவர்கள் வெளிச்சத்தின் நிறத்தைக் கேமரா தானே சரிசெய்யும் ஆட்டோ வைட் பேலன்ஸை அணைத்துவிட வேண்டும். எண்ணெய்ச் சுடர் ஏறத்தாழ 1900 கெல்வின். கேமரா அதை வெளுப்பாக்கப் பார்க்கும். வைட் பேலன்ஸை நாமே 3000ஐ ஒட்டி வைத்தால் சூடும் இருக்கும், முகம் மஞ்சள் பூசியதுபோலவும் ஆகாது.

பதிவு 10: வளவுக்காரன்

ஞாயிற்றுக்கிழமை மறுபடி எடுத்தேன். இரண்டு படங்களை இணைத்திருக்கிறேன்.

ஐயா சொன்னபடி முட்டியை நீட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தேன். பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தா, "யாரைக் குத்தப் போறே?" என்றார். மூன்றாவது தூணுக்குப் பின்னால் நாலரை அடியில் இடம் அமைந்தது. கறுப்பு வேட்டியைக் கதவுக் கொண்டியில் மாட்டினேன்; மாட்டிய கணத்தில் நிழல் பக்கக் கன்னம் கண்முன்னே இறங்கியதை நம்பவே முடியவில்லை. எஃப் 2.8, ஷட்டர் 1/60, ஐ.எஸ்.ஓ 800, காம்பன்சேஷன் மைனஸ் 1. முன்னால் பல்லாங்குழிப் பலகையை வைத்து என் தங்கை மகளை எதிரில் உட்கார வைத்துவிட்டு, நான் பேசாமல் இருந்தேன். நாற்பது நிமிடத்தில் அந்தச் சிரிப்பு இரண்டு முறை வந்தது. ஒரு முறை தவறவிட்டேன்.

முதல் படத்தில் புறங்கை வெளிச்சத்தில் இருக்கிறது, அதன் கீழே ஒதுக்கப்பட்ட கொட்டை நிழலில் இருக்கிறது. இதைத் திட்டமிட்டு எடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் கவனித்தேன்.

அச்சுக்குக் கொடுத்ததில் ஒரு கூத்து. கடைக்காரர் படம் இருட்டாக இருக்கிறது என்று நல்லெண்ணத்தில் வெளிச்சத்தை ஏற்றி அச்சடித்துவிட்டார். பின்சுவர் மறுபடியும் சாம்பல்.

பதிவு 11: கயல்

முதல் படத்தை இரவு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சுருக்கங்கள் இருக்கின்றன, ஆனால் அவை படத்தின் பொருளாகவில்லை. அவருடைய தோலில் வானம் ஒரு மெல்லிய பளபளப்பாகப் படிந்திருக்கிறது. கன்னமேடும் நெற்றியும் அதனால்தான் எழும்பி நிற்கின்றன. சினிமா மேக்கப்போடு பவுடர் அப்பி எடுத்திருந்தால் இது போயிருக்கும்.

அச்சுக்குக் கொடுக்கும்போது "கரெக்‌ஷன் வேண்டாம்" என்று உறையின் மேலேயே எழுதிக் கொடுங்கள். முதலில் 4க்கு 6 அளவில் ஒன்று போட்டுப் பார்த்துவிட்டுப் பெரிதாக்குங்கள். மேட் தாளில் கறுப்பு சற்று வெளிறும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பதிவு 12: வளவுக்காரன்

நன்றி. எழுதிக் கொடுத்து வாங்கிவிட்டேன். கறுப்பு கறுப்பாகவே வந்திருக்கிறது. ஆனால் புதுச் சிக்கல். அப்பத்தா அச்சைக் கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "எடது காதுத் தோடு எங்கேடா?" என்று கேட்டார். வைரத்தோடு நிழல் பக்கத்தில் முழுதாக மறைந்துபோயிருக்கிறது. ரேஷன் அட்டைப் படத்தில் இரண்டு தோடும் தெரிவதால், முகப்பில் மாட்டுவதற்கு அதையே தேர்ந்தெடுத்திருக்கிறார். நிழலைக் குறைக்காமல் தோட்டை மட்டும் மீட்க வழி உண்டா?

பதிவு 13: பழைய லைட்மேன்

உண்டு. அப்பத்தா கேட்டது நியாயம். நகையைத் தொலைத்த கேமராமேனைத் தயாரிப்பாளரும் விட்டதில்லை.

வைரத்துக்கு வெளிச்சத்தின் அளவு முக்கியமில்லை. அது எதைப் பிரதிபலிக்கிறது என்பதே முக்கியம். இப்போது அந்தத் தோட்டுக்கு எதிரில் இருப்பது உங்கள் கறுப்பு வேட்டி, ஆகவே கறுப்பைக் காட்டுகிறது. வேட்டியில் காது உயரத்தில், கல்யாணப் பத்திரிகை அளவுக்கு ஒரு வெள்ளை அட்டையைக் குண்டூசியால் குத்துங்கள். கன்னத்தில் அதனால் ஏறும் வெளிச்சம் கண்ணுக்கே தெரியாது. கல்லில் மட்டும் ஒரு பொறி வரும். வராவிட்டால் அட்டையை விரற்கடை விரற்கடையாக நகர்த்துங்கள். கோணம் அமைந்ததும் சட்டென்று மின்னும், அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். அவர் தலையை அசைத்தால் பொறி போய்விடும், ஆகையால் பல்லாங்குழி ஆடவிட்டு எடுத்தால் பத்துக்கு ஒன்றே தேறும்.

பதிவு 14: வளவுக்காரன்

நாளைக் காலை எட்டு மணிக்கு முயல்கிறேன். அட்டை விஷயத்தை அவரிடம் சொன்னேன். இரவே தோட்டைக் கழற்றிச் சோப்பு நீரில் ஊறப்போட்டிருக்கிறார்.